மழைக்காட்டு மர விதையை கிரீம் கம்பெனிக்கு விற்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் நிலம் மழைக்காட்டை ஒட்டியது. நிலத்துக்குள்ளேயே முப்பதுக்கு மேல் பெரிய மரங்கள் நிற்கின்றன. காய்க்கு இறகு உண்டு. பருப்பை நசுக்கினால் கொழுப்பு கையில் ஒட்டும். ஒரு வருஷம் தரை தெரியாமல் கொட்டும், அப்புறம் நாலைந்து வருஷம் ஒன்றும் இருக்காது. முகக்கிரீமும் லிப் பாமும் செய்கிற கம்பெனிக்காக இந்த விதையை வாங்குவதாக ஒரு வியாபாரி வந்தார். பிசினும் பட்டையும் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்வாராம். ‘காட்டுக்குக் கேடில்லாமல் எடுத்தது’ என்று எழுதியும் தர வேண்டுமாம். தரலாமா? ஓரத்தில் கொஞ்சம் காட்டைத் திருத்தி இதே மரத்தை நட்டால் லாபம் வருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காட்டைத் திருத்தாதீர்கள். இந்த மரங்கள் காய்க்கப் பல வருஷம் ஆகும். அதுவரை வருமானம் இல்லை, வெட்டிய காடும் திரும்பாது. போதாததற்கு, காட்டை அழித்து நட்ட மரத்தின் விதைக்கு ‘கேடில்லாதது’ என்று யாரும் எழுதித் தர முடியாது. எண்ணெய்ப்பனை, கோகோ, ரப்பர் போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த சரக்கு ஒன்றியத்துக்குள் போகக் கூடாது என்பது அதன் விதி. உங்கள் விதை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கிரீம் செய்பவர்கள் எண்ணெய்ப்பனைச் சரக்கும் வாங்குகிறவர்கள்தான், நிலத்தின் பழைய கதையை உங்களிடமும் கேட்பார்கள். நடத்தான் வேண்டுமென்றால், ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கும் உங்கள் வரப்போரத்தில் நடுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரம் மாதிரி தெரிகிறது. போர்னியோவில் தெங்காவாங் என்று சொல்லும் ஷோரியா மரங்கள் இந்தக் குடும்பம்தான். அவற்றின் விதைக்கொழுப்பு இல்லிப்பே வெண்ணெய் என்ற பெயரில் அழகுசாதனத்துக்கும் சாக்லேட்டுக்கும் போகிறது. கோகோ வெண்ணெய் போலவே அறை வெப்பத்தில் கெட்டியாக இருந்து தோலில் பட்டதும் இளகும். அதனால்தான் கிராக்கி. ஆனால் இது எந்த இனம் என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். இலையும் காயும் சேர்ந்த ஒரு கொப்பை வனத்துறையிடமோ தாவரவியல் துறை உள்ள கல்லூரியிலோ காட்டிப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்ட இனங்கள் உண்டு. சொந்த நிலத்து மரமே ஆனாலும் அனுமதி தேவைப்படலாம்.

சரி, எதைக் கொடுக்கலாம்? மரத்தின் எந்தப் பாகம் போகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். தானாக விழுந்த விதை என்றால் சம்மதம். பட்டை என்றால் வேண்டவே வேண்டாம். பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லை, மரம் நின்றபடியே சாகும். பிசின் இரண்டுக்கும் நடுவில். அமேசானில் கோபைபா மரத்தில் துரப்பணத்தால் ஒரு சின்னத் துளை போட்டு, எண்ணெய்ப்பிசினை வடித்துவிட்டு, மரக்கட்டையால் துளையை அடைத்துவிடுவார்கள். கோடாலியால் கொத்தியும் எடுத்திருக்கிறார்கள், அப்படிக் கொத்திய மரம் தேறுவது கஷ்டம். ஒழுங்காகத் துளைத்தாலும் இரண்டாம் முறை வடிவது பெரும்பாலும் குறைவுதான். இது கைப்பழக்கம் உள்ளவர் செய்யும் வேலை. உங்கள் மரத்தில் வியாபாரியின் ஆள் வந்து பழக வேண்டாம்.

பாகம் பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமேசான் ரோஸ்வுட் ஒன்றே போதும். வாசனைத் திரவியத்துக்காக அந்த மரத்தையே வெட்டி, சிராய் சிராயாக்கி, வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், போட்டு எண்ணெய் இறக்கினார்கள். பல இடங்களில் மரமே அற்றுப்போனது. 2010-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து வணிகத்தைக் கட்டுப்படுத்தும்படி ஆயிற்று. இத்தனைக்கும் அதன் இலையிலும் சிறு கிளையிலும் எண்ணெய் உண்டு. கவாத்து செய்தால் மரம் மறுபடி துளிர்க்கும்.

விதை பொறுக்குவதிலும் அளவு உண்டு. பிரேசில் நட் மரங்களை 23 இடங்களில் பார்த்து 2003-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நெடுங்காலமாக மிச்சமில்லாமல் பொறுக்கிய இடங்களில் பெரிய மரங்கள் மட்டும் நின்றன, இளமரங்களே அரிதாக இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது செழிப்பான தோப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் மரத்தில் ஒரு வசதி இருக்கிறது. அது ஏன் சில வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே வருஷத்தில் இப்படிக் கொட்டுகிறது தெரியுமா? காட்டில் பல மரங்கள் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் காய்க்கின்றன. பன்றியும் வண்டும் தின்று தீர்க்க முடியாத அளவு கொட்டுவதால் மிச்சம் முளைக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் இந்தப் பெருங்காய்ப்பு பல நேரம் எல் நினோ வறட்சியை ஒட்டி வருகிறது. ஆகவே கொட்டுகிற வருஷத்தில் மட்டும் பொறுக்குங்கள். அப்போதும் நாலு மரத்துக்கு ஒரு மரம் என்று பெயின்ட் அடித்து வைத்து, அதன் அடியில் யாரையும் குனிய விடாதீர்கள். அடுத்த பெருங்காய்ப்பில் வேறு மரங்களுக்கு மாற்றுங்கள். நாலில் ஒன்று என்பது என் கணக்கு, சட்டமில்லை. மரத்தடியில் முழங்கால் உயரக் கன்றுகளை வருஷா வருஷம் எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கை இறங்கினால் இன்னும் கூடுதலாக விட்டுவைக்க வேண்டும். வருஷத்துக்கு இத்தனை டன் தருகிறேன் என்று மட்டும் வியாபாரியிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த மரத்துக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது.

இனி பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். காட்டு விதையில் நஷ்டம் பெரும்பாலும் உலர்த்துவதில்தான். இந்த விதைக்கு உறக்கம் கிடையாது, விழுந்த சில நாட்களில் முளை விட்டுவிடும். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் உள்ளே கொதிப்பேறும், பூஞ்சணம் பிடிக்கும், விதையிலுள்ள நொதி கொழுப்பை உடைத்து அமிலமாக்கும். கம்பெனி லேபில் முதலில் பார்ப்பது இந்த அமில மதிப்பைத்தான். அது ஏறிவிட்டால் கிரீமுக்குப் போக வேண்டியது சோப்புக்குப் போகும், விலையும் அதற்குத் தக்கபடி இறங்கும்.

அதனால் தினமும் பொறுக்குங்கள். முளை வந்ததையும் துளை விழுந்ததையும் மரத்தடியிலேயே போட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்கே இறகை ஒடித்து, ஓட்டை உடைத்து, பருப்பைப் பிளந்து போடுங்கள். தரையில் தார்ப்பாய் விரித்தால் அடியில் வியர்த்துக்கொள்ளும், இடுப்புயர வலைத்தட்டு நல்லது. மழைக்காட்டு ஓரத்தில் வெயிலை நம்ப முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அதற்காக அடுப்புப் புகையில் வாட்டாதீர்கள். புகை வாடை கொழுப்பில் ஏறினால் போகாது, புகையிலுள்ள கேடான பொருள்களும் கூடவே ஏறும். பிளாஸ்டிக் கூரைபோட்ட உலர்பந்தலில் காற்று குறுக்கே ஓடும்படி விட்டால் போதும். பதம் பார்க்க ஒரு பருப்பைக் கையில் எடுத்து ஒடியுங்கள். வளைந்தால் ஈரம், சடக்கென்று முறிந்தால் சரி. முறிந்த இடத்தைத் தேய்த்து முகருங்கள், காறல் வாடை வந்தால் அந்தத் தட்டைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

வியாபாரி எழுதிக் கேட்ட அந்தக் கடிதத்துக்கு வருவோம். வெறுமனே ‘கேடில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த மரம், எந்தத் தேதி, யார் பொறுக்கினார்கள், எத்தனை கிலோ, எந்த மரங்களை விட்டுவைத்தோம் என்ற நோட்டின் நகலைக் கொடுங்கள், மூட்டைக்கு மூட்டை எண் போடுங்கள். காட்டில் சேகரிக்கும் பொருளுக்கு ஃபேர்வைல்ட் என்ற சான்று உண்டு. முப்பது மரத்துக்குத் தனியாக அந்தச் செலவு கட்டாது, அக்கம்பக்கத்தவர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

இந்த விதையின் பயனை உங்கள் வட்டாரத்தில் காட்டுவாசிகள் காலங்காலமாக அறிந்திருந்தால் அவர்களையும் பேச்சில் சேருங்கள். மரபு வளத்தையும் அது பற்றிய அறிவையும் பயன்படுத்துபவர்கள் பயனைப் பகிர வேண்டும் என்று 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கை சொல்கிறது. அதை எப்படிச் செய்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். எந்த அலுவலகத்தில் கேட்பது என்று வியாபாரியையே கேளுங்கள். அவர் மழுப்பினால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

மரத்தில் இப்போது பூ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் காய் விழச் சில மாதம் அவகாசம் உண்டு, அதற்குள் வலைத்தட்டுக்கு மரச்சட்டம் அடித்துவிடுங்கள்.