டிஜே கன்ட்ரோலர்: நான்கு சேனலா, இரண்டு சேனலா, அம்மாவின் சங்கிலியா?

கேள்வி: பேராவூரணி பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை செய்கிறேன் சார். வயது 25. சம்பளம் 15,000, நிகழ்ச்சிக்குப் போனால் பேட்டா தனி. ரிசப்ஷனில் பாட்டுப் போடுவது நான்தான். இப்போது லேப்டாப்பில் விர்ச்சுவல் டிஜே என்ற மென்பொருளைப் போட்டு மவுஸை வைத்தே ஓட்டுகிறேன். சொந்தமாகக் கன்ட்ரோலர் (லேப்டாப்பில் மாட்டிப் பாட்டுகளைக் கையால் கலக்கும் பெட்டி) கொண்டுவந்தால் நிகழ்ச்சிக்கு 1,500 ரூபாய் சேர்த்துத் தருவதாக முதலாளி சொல்கிறார். போன வருடம் 31 நிகழ்ச்சி செய்தோம். திருச்சிக் கடையில் ஒரே நேரத்தில் நான்கு பாட்டைக் கையாளும் நான்கு சேனல் கன்ட்ரோலர் 78,000, இரண்டு சேனல் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 34,000 என்றார்கள். பெரியதற்கு மாதம் ஒன்றரை சதவீத வட்டியில் 12 மாதத் தவணை உண்டாம். கையில் 22,000 இருக்கிறது. சங்கிலி 2 பவுன் இருக்கிறது, அதை அடகு வைத்துக்கொள் என்கிறார் அம்மா. ஆடியில் மொய் விருந்து வைக்கிறேன், அதில் எடுத்துக்கொள் என்கிறார் அப்பா. நண்பன் தன் பழைய டிடிஜே-400-ஐ 18,000-க்குத் தருகிறேன் என்கிறான். எதைச் செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான எண் 78,000-ம் இல்லை, 34,000-ம் இல்லை. முதலாளி சொன்ன 1,500தான். நான்கு சேனல் கொண்டுவந்தால் 3,000 தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மண்டபத்தில் ஆடுகிறவர்களுக்கும் மேசையில் எத்தனை சேனல் இருக்கிறது என்று தெரியப்போவதில்லை. வருமானம் ஒன்றாகவே இருக்கும்போது முதலீட்டை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற என்ன காரணம்?

31 நிகழ்ச்சியிலும் டிஜே கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். காதணி விழாவும் வளைகாப்பும் சேர்ந்துதான் அந்த 31 வந்திருக்கும். 25 என்று வைப்போம். வருடத்துக்கு 37,500 ரூபாய். இரண்டு சேனல் பெட்டி ஒரு வருடத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். பெரிய பெட்டிக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் வட்டியைச் சேர்க்காமல். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், கூடுதல் நேரம் போட்டு ஈடுகட்டலாம் என்ற கணக்கும் ஓடாது.

இப்போது அந்த ஒன்றரை சதவீதம். 78,000-க்கு மாதம் 1,170 வட்டி, 12 மாதத்துக்கு 14,040. மொத்தம் 92,040, மாதத் தவணை 7,670. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருவீர்கள், ஆனால் அவர்கள் கடைசி மாதம் வரை முழு 78,000-க்கும் வட்டி போடுகிறார்கள். குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் இது வருடத்துக்குச் சுமார் 32 சதவீதம். ஊரில் இரண்டு வட்டிக்கு விடுபவரைத் திட்டுகிறோமே, அவர் வாங்குவது 24தான். அப்புறம் 15,000 சம்பளத்தில் பாதி தவணைக்கே போய்விடும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் கல்யாணம் இருக்காது. தவணைக்கு ஆடி என்றும் தெரியாது, தை என்றும் தெரியாது.

நகைக்கடன் அந்த விதத்தில் பரவாயில்லை. கூட்டுறவு வங்கியில் வட்டி கடைத் தவணையைவிட நன்றாகவே குறைவு. முகூர்த்த மாதத்தில் கை நிறையும்போது மொத்தமாகக் கட்டலாம். கடன்தான் வாங்கியாக வேண்டும் என்றால் நான் கை காட்டுவது இதைத்தான். ஆனாலும் இப்போது வேண்டாம். உங்கள் பகுதி வீடுகளில் அந்த 2 பவுன் எதற்காக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னை எல்லாம் சாய்ந்த வாரத்தில் அடகுக்கடை வாசலில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மொய் விருந்துப் பணம்? அதுவும் கடன்தான், வட்டி எழுதாத கடன். இன்று வருகிற ஒவ்வொரு ஆயிரமும் நோட்டில் பெயரோடு ஏறும், அவரவர் வீட்டு விசேஷம் வரும்போது கூடச் சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். அப்பா அதை வைத்துப் பழைய கடனை அடைக்கலாம், போர்வெல் போடலாம். நாலு வருடத்தில் பழசாகிவிடும் ஒரு பெட்டிக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். கன்ட்ரோலருக்குள் பாட்டு இல்லை. பாட்டும் மென்பொருளும் லேப்டாப்பில். மவுஸுக்குப் பதில் கைக்கு ஒரு சக்கரம், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர், கூடவே ஒரு சவுண்ட் கார்டு, அவ்வளவுதான் இது. அந்தச் சவுண்ட் கார்டுதான் உங்களுக்கு முதல் லாபம்: ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பிடிக்கலாம். இதற்கு இரண்டு சேனல் போதும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு டிராக்கை அடுக்கி விளையாடுகிறவருக்குத்தான் நான்கு சேனல் தேவை. குத்துப்பாட்டுக்கு நடுவில் மாமா வந்து பழைய பாட்டு ஒன்று கேட்கும் ரிசப்ஷனில் அதற்கு வேலையே இல்லை.

எஃப்எல்எக்ஸ்4 யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஆம்ப்ளிஃபயர் அணைந்தாலும், லேப்டாப் பேட்டரியில் உங்கள் பாட்டு நின்ற இடம் கலையாமல் இருக்கும். குறை என்னவென்றால் அதில் இரைச்சலைத் தடுக்கும் எக்ஸ்எல்ஆர் ஒயருக்கான வெளியீடு கிடையாது, சாதாரண ஆர்சிஏ ஒயருக்கு மட்டும்தான். மேடையிலிருந்து சவுண்ட் மிக்ஸருக்கு நீளமாக ஆர்சிஏ ஒயர் இழுத்தால் ஜெனரேட்டர் இரைச்சலையும் சேர்த்துக் கொண்டுவரும். மிக்ஸர் பக்கத்திலேயே உட்காருங்கள், இல்லையென்றால் நீள ஒயரில் இரைச்சல் ஏறாமல் தடுக்கும் டிஐ பாக்ஸ் ஒன்றைப் போடுங்கள். மொய் அறிவிக்கும் மைக்கை கன்ட்ரோலரில் செருகாமல் முதலாளியின் மிக்ஸரிலேயே விட்டுவிடுங்கள்.

மென்பொருள் செலவை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். எஃப்எல்எக்ஸ்4-ஐ மாட்டினால் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் மிக்ஸ் செய்யும் பகுதி தனிச் சந்தா இல்லாமல் திறந்துகொள்ளும். இன்னொரு மென்பொருளான செராட்டோ டிஜே லைட்டிலும் வேலை செய்யும். செராட்டோ ப்ரோ வேண்டுமென்றால் காசு, அதுவும் டாலரில். கார்டில் கழியும்போது அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் ஏறும். விர்ச்சுவல் டிஜே வீட்டில் பழக இலவசம், ஆனால் காசு வாங்கிக்கொண்டு போட உரிமம் வேண்டும். காசு கட்டாமல் கிராக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ரிசப்ஷன் நடுவில் லேப்டாப் படுத்தால் முதலாளி கழிப்பது 1,500-ஐ மட்டும் அல்ல. பெயரில் மூன்று எக்ஸ் போடும் மிக்ஸ் என்ற மென்பொருள் முழுக்கவே இலவசம், பல கன்ட்ரோலர்களை அடையாளம் காணும்.

நண்பனின் டிடிஜே-400 கெட்ட யோசனை அல்ல. எஃப்எல்எக்ஸ்4-க்கு முந்தைய மாடல்தான், ரெக்கார்ட்பாக்ஸ் அதற்கும் திறக்கும். ஆனால் 18,000 என்பது நண்பன் விலையாகத் தெரியவில்லை. உங்கள் லேப்டாப்பில் மாட்டி, ஹெட்போன் போட்டு, ஒரு பாட்டை ஓடவிட்டு, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். கரகரவென்றாலோ நடுவில் சத்தம் விட்டுவிட்டு வந்தாலோ உள்ளே தூசியும் உப்புக்காற்றும் போயிருக்கிறது. யூஎஸ்பி ஒயரை லேசாக ஆட்டுங்கள், இணைப்பு அறுந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு பேடையும் (தட்டுகிற பட்டன்) தட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 12,000 கேளுங்கள், 14,000-க்கு மேல் போகாதீர்கள். பில்லும் இல்லை, வாரன்டியும் இல்லை.

அது படியவில்லை என்றால் புது எஃப்எல்எக்ஸ்4 வாங்குங்கள், ஆனால் இந்த மாதம் அல்ல. பெட்டி 34,000, உறை, ஒயர், ஹெட்போனுக்கு 3,000. கையில் இருக்கும் 22,000 போக 15,000 குறைகிறது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் 5,000 எடுத்து வையுங்கள். முடிகிற அளவுதான், பேட்டாவைத் தொடாமல் இருந்தால். ஆவணி கடைசியில் வாங்கினால் புரட்டாசி முழுக்கப் பழகலாம், ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கை தயாராக இருக்கும். அதுவரை லேப்டாப்பில் பாட்டுகளைத் தாளவேகம் பார்த்து அடுக்கி வையுங்கள், அந்த வேலைக்குக் கன்ட்ரோலரே தேவையில்லை.

கடையில் ஆல்ஃபாதீட்டா என்று பெயர் போட்ட பெட்டியைக் காட்டினால் போலி என்று திரும்பி வராதீர்கள். எஃப்எல்எக்ஸ்4-ஐச் செய்யும் பயனியர் டிஜே நிறுவனம் 2020-ல் மாற்றிக்கொண்ட பெயர்தான் அது.

பிற்காலத்தில் சொந்தமாக செட் போடும் எண்ணம் இருந்தால் முத்ரா கடனில் சிசு பிரிவு உண்டு, 50,000 வரை, அடமானம் கேட்கக் கூடாது. அதற்கு வங்கி மேலாளர் கேட்பது உங்கள் வரவு செலவு நோட்டைத்தான். நிகழ்ச்சித் தேதி, ஊர், வந்த தொகை என்று இப்போதிருந்தே எழுதுங்கள்.

பணம் கொடுக்கும் முன் முதலாளியிடம் இரண்டு விஷயத்தைப் பேசி ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒன்று, அந்த 1,500 அன்றைக்கே கிடைக்குமா, மாதக் கடைசியிலா. இன்னொன்று, மேடையில் யாராவது பெட்டி மேல் ஜூஸைக் கொட்டினால் செலவு யாருடையது. பில்லை உங்கள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள், முதலாளியின் ஜிஎஸ்டி எண்ணில் வேண்டாம்.