மாணவரின் மௌனத்தை மூடுல் எப்படி அறியும்?

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். இணையவழிக் கற்பித்தலுக்கான மென்பொருளான மூடுலில் இயங்கும் எங்கள் தளத்தில், ஒப்படைப்பைச் சமர்ப்பிக்காத மாணவர்களுக்குத் தானாகவே நினைவூட்டல் போக வேண்டும் என்று நிகழ்வுக் கண்காணிப்பில் ஒரு விதி அமைத்தேன். இரண்டு வாரமாகியும் ஒருவருக்கும் செய்தி போகவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த கருவி இந்த வேலைக்கானது அன்று. மாணவர் உள்நுழைவது, தேர்வை முடித்து அனுப்புவது, ஒப்படைப்பைப் பதிவேற்றுவது என நடந்த ஒவ்வொன்றையும் மூடுல் ஒரு நிகழ்வாகக் குறித்துக்கொள்கிறது. நிகழ்வுக் கண்காணிப்பு அந்தக் குறிப்புகளை மட்டுமே பார்க்கிறது. சமர்ப்பிக்காமல் இருப்பது எந்தக் குறிப்பையும் உண்டாக்காததால், உங்கள் விதி விழித்தெழ ஒரு வாய்ப்பே ஏற்படவில்லை. அப்படியே விழித்தெழுந்திருந்தாலும், அதன் அறிவிப்பு விதிக்குச் சந்தா சேர்ந்த உங்களுக்கு வந்திருக்குமே தவிர, மாணவருக்குப் போயிருக்காது.

நடக்காததைக் கண்டுபிடிக்க, குறித்த நேரத்தில் பட்டியலைப் புரட்டி, யார் பெயருக்கு நேரே வெற்றிடம் இருக்கிறது என்று பார்க்கும் ஏற்பாடு வேண்டும். 2024 அக்டோபரில் வந்த 4.5 பதிப்பில் அது உள்ளமைந்தே கிடைக்கிறது: கெடுவுக்கு 48 மணி நேரம் முன்பு, இன்னும் சமர்ப்பிக்காதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் செல்லும். உங்கள் தளம் பழைய பதிப்பானால், பாடப் பங்கேற்பு அறிக்கையைத் திறந்து, அந்த ஒப்படைப்பைத் தேர்ந்து, 'இல்லை' என்று காட்டப்படுவோர் அனைவரையும் குறித்து ஒரே செய்தியை அனுப்புங்கள். இது தானியங்கி அன்று என்றாலும் வாரம் ஒரு முறை செய்ய ஐந்து நிமிடமே ஆகும். செய்தியை உங்கள் சொற்களிலேயே எழுத முடிவதால், பின்தங்கிய மாணவரை இதுவே மேலும் தொடும் என்பது என் கருத்து.

எந்த ஏற்பாட்டைத் தொடங்கும் முன்பும் தள நிர்வாகியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'க்ரான்' ஓடுகிறதா? காத்திருக்கும் பணிகளை அவ்வப்போது எழுப்பி முடிக்கச் செய்யும் இந்தப் பின்னணிச் செயலை நிமிடத்துக்கு ஒரு முறை இயக்க வேண்டும் என்பதே மூடுலின் பரிந்துரை. அது நின்றுபோனால் விதிகள் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அறிவிப்புகள் வரிசையிலேயே கிடக்கும்.

கேள்வி: முதல் தேர்வில் 50 விழுக்காடு பெற்றவர்களுக்கு மட்டும் அடுத்த பாடம் திறக்குமாறு செய்ய முடியுமா?

பதில்: முடியும். அடுத்த பாடத்தின் அமைப்பில் 'அணுகலைக் கட்டுப்படுத்து' பகுதிக்குச் சென்று, முதல் தேர்வின் மதிப்பெண்ணை நிபந்தனையாக வையுங்கள். அருகிலுள்ள கண் குறியைத் திறந்தே விடுங்கள். மூடினால் பாடமே மறைந்துவிடும், திறந்திருந்தால் எது குறைகிறது என்று மாணவர் தாமே படித்தறிவார். தேர்வில் கட்டுரை வினா இருந்தால் நீங்கள் திருத்தி மதிப்பெண் இடும்வரை எவருக்கும் கதவு திறக்காது. ஆகவே வாயிலாக வைக்கும் தேர்வில், மூடுல் தானே திருத்தக்கூடிய வினாக்களை மட்டும் வையுங்கள்.