வெளிநாட்டில் வீடு: வாங்கும்போதே விற்கும் கணக்கையும் போடுங்கள்

கேள்வி: தாய்லாந்தில் கடலோரமாக ஒரு வில்லா பேசி வைத்திருக்கிறேன். வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிவாகாது என்பதால், உள்ளூர்க்காரர்களைப் பங்குதாரர்களாகக் காட்டி ஒரு கம்பெனி பெயரில் முடித்துத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: வேண்டாம். பினாமி வைத்து நிலம் வாங்குவது அங்கே குற்றம். பிடிபட்டால் அபராதமோ சிறையோ உண்டு, நிலத்தையும் விற்றாக வேண்டும். பிடிபடாவிட்டாலும் நிம்மதி கிடையாது. அந்தப் பங்குதாரர் நாளை முறைத்துக்கொண்டால், நீங்கள் கோர்ட்டில் நீட்டப்போகும் ஒப்பந்தமே சட்டவிரோதமானது. ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது ஏஜென்ட் பேச்சு. கமிஷன் கைக்கு வந்த பிறகு அவர் போனை எடுப்பாரா என்பதே சந்தேகம்.

நேர்வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது. வீட்டு மனைக் குத்தகைக்கு உச்ச வரம்பு 30 ஆண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும். விளம்பரத்தில் ‘30+30+30’ என்று போடுவார்கள். இதில் முதல் 30 மட்டும்தான் உறுதி. மற்றவை உரிமையாளர் கொடுக்கும் வாக்குறுதி. நிலம் கைமாறினால் புது உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது.

இன்னொன்று, அடுக்குமாடி வீடு. ஒரு கட்டடத்தின் மொத்த விற்பனைப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்த ஒதுக்கீட்டில் இன்னும் இடம் இருக்கிறது என்று கட்டட நிர்வாகத்திடம் கடிதம் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பணத்தை வெளிநாட்டு நாணயமாகவே அனுப்பி, தாய்லாந்து வங்கியில் அந்நாட்டு நாணயமான ‘பாட்’டாக மாற்ற வேண்டும். அனுப்புவதும் பெறுவதும் நீங்கள் என்று பெயர் பொருந்தியிருக்கட்டும், நோக்கம் ‘அடுக்குமாடி வீடு வாங்க’ என்று இருக்கட்டும். அந்த வங்கி தரும் அந்நியச் செலாவணிச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. கமிஷன் மிச்சம் பிடிப்பதற்காக முன்கூட்டியே பாட்டாக மாற்றி அனுப்பிவிட்டுப் பதிவு நாளில் திண்டாடுபவர்கள் நிறையப் பேர். வீட்டை விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகும்போதும் அதே சான்றைத்தான் கேட்பார்கள். பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: லண்டனில் வாங்கப்போகும் வீடு, பிரிட்டனில் எனக்கு முதல் வீடு. முத்திரைத் தீர்வையில் முதல் வீட்டுச் சலுகை கிடைக்குமா?

பதில்: உங்கள் சொந்த நாட்டில் வீடு இருக்கிறதா? இருந்தால் கிடைக்காது. உலகின் எந்த மூலையில் உள்ள வீடும் கணக்கில் வரும். இங்கிலாந்தில் வழக்கமான தீர்வைக்கு மேல், கூடுதல் வீட்டுக்கு விலையில் 5 சதவீதம், அந்நாட்டில் வசிக்காதவருக்கு மேலும் 2 சதவீதம். 3,00,000 பவுண்டு வீட்டுக்கு வழக்கமான முத்திரைத் தீர்வை 5,000 பவுண்டு. இந்த 7 சதவீதம் சேர்ந்தால் மேலும் 21,000, ஆக 26,000 பவுண்டு. இதற்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், கையிலிருந்துதான் போகும். வாங்கிய பிறகு அங்கேயே குடியேறி, 365 நாள் கொண்ட ஒரு தொடர் காலத்துக்குள் 183 நாள் பிரிட்டனில் இருந்துவிட்டால், அந்த 2 சதவீதத்தை மட்டும் திருப்பிக் கேட்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள வீட்டை 5,00,000 டாலருக்கு விற்கிறேன். லாபம் 20,000 டாலர்கூடத் தேறாது. ஆனால் 75,000 டாலரைப் பிடித்துவிடுவோம் என்கிறார்கள். இது என்ன நியாயம்? வாடகைக்கும் இரண்டு நாட்டில் வரி கட்டிச் சலித்துவிட்டது.

பதில்: ஃபிர்ப்டா என்ற சட்டம் அது. விற்பவர் வெளிநாட்டவர் என்றால், வாங்குபவர் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். கணக்கு விலையின் மேல்தான், லாபத்தின் மேல் அல்ல. இது இறுதி வரியும் அல்ல. கணக்குத் தாக்கல் செய்தால் மிச்சம் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். பணம் முடங்காமலிருக்க, கிரய நாளுக்குள் 8288-பி படிவத்தில் குறைந்த பிடித்தத்துக்கு விண்ணப்பியுங்கள். முடிவு வரும்வரை தொகை அங்கே வரித்துறைக்குப் போகாமல் நிறுத்திவைக்கப்படும். வரி எண் இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான். அமெரிக்காவில் இன்னொரு வெளிநாட்டவரிடமிருந்து நீங்கள் வாங்குவதாக இருந்தால், பிடிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். மறந்தால் வரித்துறை உங்களிடம் வந்து நிற்கும். ஸ்பெயினிலும் இதே முறைதான், அங்கே 3 சதவீதம்.

இனி வாடகை. அமெரிக்காவில் சும்மா விட்டால் மொத்த வாடகையிலேயே 30 சதவீதம் போய்விடும். நிகர வருமானத்துக்கு வரி கட்டுவதாகத் தெரிவு செய்துவிட்டால் பராமரிப்பு, வட்டி, தேய்மானம் எல்லாம் கழியும். இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தாலும் சொத்து உள்ள நாட்டுக்கே முதல் உரிமை. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள விடும் நாடுகளில் (இதைத்தான் ‘வரவு’ என்பார்கள்), அங்கே 2,000 கட்டி இங்கே 3,000 கட்ட வேண்டியிருந்தால், இங்கே 1,000 கட்டினால் போதும். அங்கே 3,500 கட்டியிருந்தால் அதிகப்படி 500 பொதுவாக நஷ்டக் கணக்குதான். நிதியாண்டுகள் பொருந்தாததால் வரவு தள்ளுபடியாவதும் உண்டு. பிரிட்டனில் வரியாண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது. வாடகையை மாதவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டால், எந்த வரி எந்த ஆண்டுக்கு என்று காட்டுவது சுலபம்.

கேள்வி: வெளிநாட்டுச் சொத்துக்குத் தனி உயில் தேவையா?

பதில்: எழுதுவது நல்லது. சொந்த நாட்டு உயிலை அங்கே செல்லுபடியாக்க, மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்கும் அரசுச் சான்று) என்று வாரிசுகள் அலைய வேண்டிவரும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 2015 ஆகஸ்ட் 17 முதல், உங்கள் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் எழுதலாம். ஆனால் வரி அந்தந்த நாட்டு விதிப்படிதான். அமெரிக்காவில் குடியுரிமையும் நிரந்தர வசிப்பும் இல்லாதவருக்கு மரண வரி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரி) விலக்கு 60,000 டாலர் மட்டுமே.

இரண்டு உயில் வைத்திருப்பவர்கள் ஒரு வரியைக் கவனியுங்கள். ‘இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்’ என்பது மாதிரிப் படிவங்களில் தானாகவே இருக்கும். பிறகு எழுதும் உயிலில் அதை அப்படியே விட்டுவிட்டால் முந்தைய நாட்டு உயில் செத்துவிடும். ‘இந்த நாட்டில் உள்ள சொத்துக்கான உயில்களை மட்டும்’ என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள்.