பதில்: மகள் கல்யாணத்துக்கு முன்னாடி டை அடிக்கறதை நிறுத்தலாமா?

சகோதரி, 52 வயசுல டை போதும்னு தோணுது, தலையும் அரிக்குது, ஆனா தை மாசம் மகள் கல்யாணம், "சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க"ன்னு நாத்தனார் தடுக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. நானும் இதே இடத்துல நின்னவதான்.

முதல்ல அந்த அரிப்பு. சாதாரணமா விட்டுடாதீங்க. கருப்பு டைகள்ல பெரும்பாலும் பிபிடின்னு ஒரு ரசாயனம் இருக்கும். அது உடம்புக்கு ஒத்துக்காம போயிட்டா, அடுத்தடுத்த தடவை இன்னும் மோசமாகலாம். கண் இமை, முகமெல்லாம் வீங்கிடும். "கருப்பு மருதாணி"ன்னு விக்கற பொடிகள்லயும் பல சமயம் இதேதான். வெறும் மருதாணி இலை செம்பட்டை நிறம்தான் தரும், கருப்பு வராது. தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் டையைத் தொடவே வேண்டாம்.

முடி மாசத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். அதனால கல்யாணத்துக்குள்ள முழுசா மாறாது, வகிட்டுல வெள்ளை தெரியும். அந்த ரெண்டு நிறக் காலம்தான் கஷ்டம். நான் தோள் வரைக்கும் வெட்டிக்கிட்டேன்; அப்படியும் ரெண்டரை வருஷம் ஆச்சு. வெட்ட மனசில்லைன்னா வகிடு எடுக்காம தூக்கி வாரி, கொண்டை போட்டு மல்லிகை சுத்திக்கோங்க.

நாத்தனார்கிட்ட வாதாட வேண்டாம். மகள்கிட்ட மட்டும் உக்காந்து பேசுங்க. என் பொண்ணு கல்யாண போட்டோவுல என் தலை பாதி வெள்ளை, பாதி கருப்பு. அரக்குப் பட்டுக்கு அந்த வெள்ளை அவ்வளவு எடுப்பா இருக்கு, இன்னைக்கும் எடுத்து எடுத்துப் பாக்கறேன்.