கோழிக்கூடும் மங்கம்மா சத்திரமும் (கடிதமும் பதிலும்)

அக்காவுக்கு வணக்கம்,

நான் மதுரையில ஒரு காலேஜ்ல பிஎச்டி பண்றேன். எங்க கேம்பஸ்ல புது பிளாக்குக்கும் செமினார் ஹால்களுக்கும் பேர் வைக்க கமிட்டி போட்டிருக்காங்க. இப்ப இருக்கிற பேர் எல்லாமே ஆம்பளைங்க பேருதான், ஒரே ஒரு பொம்பளை பேரு, அதுவும் டொனேஷன் குடுத்தவரோட அம்மா. ஸ்காலர்ஸ் நாலு பேர் சேந்து முன்னோடிப் பெண்கள் பேரா ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்தோம். ஒரு சீனியர் சார் சிரிச்சுக்கிட்டே "பேரு வெச்சா என்னம்மா ஆகப்போகுது, முதல்ல லேடீஸ் டாய்லெட்டுக்கு கதவு போடச் சொல்லுங்க"ன்னாரு. கோபம் வந்துச்சு, பதில் வரல. அவர் சொல்றது சரியா அக்கா?

(பேர் போட வேண்டாம்)

அன்புத் தங்கச்சிக்கு,

கதவு கண்டிப்பா வேணும், அதை தனிப் பேப்பர்ல எழுதி இன்னைக்கே குடுத்துருங்க, அந்த சாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. ஆனா ஆம்பளைங்க பேரா வெச்சுக்கிட்டு வந்தப்ப ஒருத்தரும் கதவைப் பத்திப் பேசலயே, உங்க லிஸ்ட் வந்த அன்னைக்குத்தான அவருக்கு அது ஞாபகம் வந்துச்சு.

பேர்ல என்ன இருக்குன்னா, நம்ம ஊர்க்காரங்களுக்கு அதை விளக்கவே வேணாம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எம்ஜிஆர் பேரு வெச்சு எத்தனை வருஷமாச்சு, எந்தக் கண்டக்டராவது "எம்ஜிஆர் இறங்கு"ன்னு கத்திக் கேட்டிருக்கியா? ஆனா பெரியார் பஸ் ஸ்டாண்டு பெரியாராவே நின்னுருச்சு. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல மங்கம்மா சத்திரம், அந்தம்மா ஆட்சி முடிஞ்சு 300 வருஷத்துக்கு மேல ஆச்சு, சரித்திரம் படிக்காதவங்க கூட ஆட்டோக்காரர்கிட்ட அவங்க பேரைச் சொல்லித்தான் வழி கேக்கிறாங்க. சனங்க வந்து தங்குற இடமா இருந்ததால பேரும் தங்கிருச்சு.

நான் படிச்ச காலேஜ்ல லேடீஸ் வெயிட்டிங் ரூம்னு ஒண்ணு, ஒரே ஜன்னல், அதுலயும் கம்பி வலை அடிச்சிருக்கும். பயலுக அதுக்கு கோழிக்கூடுன்னு பேரு வெச்சாய்ங்க. போர்டும் கிடையாது கமிட்டியும் கிடையாது, ஆனா அஞ்சாறு வருஷம் கழிச்சுப் போனா புதுசா சேந்த பிள்ளைகளே "கோழிக்கூட்டுல இருக்கேன் வா"ன்னு சர்வசாதாரணமா பேசுதுக. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. அதனால நாம வைக்காட்டி பேர் இல்லாம இருக்கும்னு நினைக்காத, வேற யாராவது வெச்சிருவாய்ங்க.

உங்க லிஸ்ட்ல நீ ஆடிட்டோரியத்தைக் கேட்டிருந்தா அதை விட்ருங்கன்னு சொல்லுவேன். வருஷத்துக்கு நாலு தடவை திறப்பாங்க, பேரை மூணு இங்கிலீஷ் எழுத்தாச் சுருக்கிருவாங்க, சோலி முடிஞ்சது. ரீடிங் ரூம், லேப், ஹாஸ்டல், டைம்டேபிள்ல தினம் வர்ற கிளாஸ் ரூம், இப்படிக் கேளுங்க. "பத்து மணிக்கு லலிதா ஹால்ல கிளாஸ்"னு வாய் நிறையச் சொல்லணும்ல. அந்த லலிதா யாருன்னு ஒரு புள்ள கேட்டா, கல்யாணமாகி 18 வயசுல புருஷனை இழந்து, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரிக்கல் படிச்சு 1943ல முடிச்ச அ. லலிதான்னு சொல்லு. அவங்க சர்டிபிகேட்ல 'அவன்'ங்கிற அர்த்தத்துல அச்சடிச்சிருந்த இங்கிலீஷ் வார்த்தையை பேனாவால அடிச்சு 'அவள்'னு திருத்திக் குடுத்தாங்களாம், ஏன்னா அந்தப் படிவத்துல பொண்ணுக்கு இடமே இல்ல.

அப்புறம் வெறும் பேரை மட்டும் எழுதிட்டு விட்றாதீங்க, பேருக்குக் கீழ ரெண்டு வரி வேணும். 'ஜானகி அம்மாள் அரங்கம்'னு போட்டா நம்ம ஊர்ல பத்துக்கு எட்டு பேரு எம்ஜிஆர் சம்சாரம்னு நினைப்பாங்க. தலச்சேரியில 1897ல பிறந்து, மிச்சிகன்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்து, கோயம்புத்தூர்ல கரும்பு ஆராய்ச்சி பண்ண தாவரவியல் ஜானகி அம்மாள் ஒருத்தங்க. நம்ம மதுரையிலேயே நாடகத்துல நடிச்சு, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போயி, 1967ல மதுரை கிழக்குல எம்எல்ஏ ஆன கே.பி. ஜானகி அம்மாள் இன்னொருத்தங்க. உங்க பாட்டனி லேபுக்கு முதல் ஜானகியும், மாணவர் பேரவை ரூமுக்கு ரெண்டாவது ஜானகியும் சரியா இருப்பாங்க, நிர்வாகம் ரெண்டாவதுக்கு ஒத்துக்காதுன்னு நினைக்கிறேன், இருந்தாலும் கேளுங்க.

டொனேஷன்காரரோட அம்மா விஷயத்துல எனக்கு வருத்தமில்ல, அந்தம்மாவும் என்ன பாடு பட்டாங்களோ. இன்னாரோட அம்மா, இன்னாரோட மகள்னே போர்டு நின்னுபோகுதே, அதுதான் உறுத்துது. சௌந்தரம் அம்மாவைப் பாரு, இன்னைக்கும் டிவிஎஸ் ஐயங்கார் மகள்னுதான் பேச்சை ஆரம்பிப்பாங்க. சின்ன வயசுலயே கல்யாணம், சீக்கிரமே விதவை, டெல்லிக்குப் போயி டாக்டருக்குப் படிச்சு, வசதியா பிராக்டீஸ் பண்ணியிருக்கலாம், அதை விட்டுட்டு 1947ல சின்னாளப்பட்டி பக்கம் கிராமத்து சனங்களுக்காக காந்திகிராமம்ங்கிற சேவை அமைப்பை ஆரம்பிச்சாங்க. இங்கிருந்து திண்டுக்கல் பஸ் ஏறினா ஒரு மணி நேரம், உங்க கமிட்டியில எத்தனை பேரு போயிருப்பாங்க? அய்யங்கோட்டை கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை படிக்க வெச்சதுலயும் சௌந்தரம் அம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு. நிலமில்லாத தலித் பெண்கள் பேருக்கு நிலம் வாங்கிக் குடுக்க ஆயுசையே செலவழிச்சவங்க கிருஷ்ணம்மாள், ஒரு ஹாஸ்டலுக்கு அவங்க பேரு வெச்சா அதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்.

இதெல்லாம் நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும்னும் நினைச்சுக்காத. அயர்லாந்துல டப்ளின் டிரினிட்டி காலேஜ் 1592ல ஆரம்பிச்சது, பொம்பளைங்களைச் சேத்ததே 1904லதான். அவங்க டவுன் கேம்பஸ்ல ஒரு கட்டடத்துக்கு முதல்முதலா ஒரு பெண் பேரை வைக்க 2024ல தான் முடிவு பண்ணாங்க, மெயின் லைப்ரரிக்கு, ஈவன் போலண்டுங்கிற கவிஞர் பேரு. நம்ம கவர்மெண்டும் 2020ல 11 பெண் விஞ்ஞானிகள் பேர்ல ஆய்வு இருக்கைகள், அதாவது ஆராய்ச்சிப் பதவிகள், அறிவிச்சுச்சு, நல்ல விஷயம்தான், ஆனா இருக்கையை யாரும் வழி கேட்டுத் தேடிப் போகமாட்டாங்களே.

கடைசியா, இயற்பியல் மொட்டைமாடியில மழைமானி வெச்சிருக்கோம்னு உன் முந்தின மெயில்ல எழுதியிருந்த. அந்த மாடிக்கு அன்னா மணி பேரைக் கேளுங்க. கம்பத்துல இருந்து குமுளி ஏறினா வர்ற பீர்மேடுதான் அவங்க ஊரு, 1918ல பிறந்தாங்க. ராமன் லேப்ல ஆராய்ச்சி பண்ணி தீசிஸ் குடுத்தும் எம்எஸ்சி இல்லைன்னு சொல்லி பிஎச்டி குடுக்கல. அப்புறம் வானிலைத் துறையில சேந்து மழை, வெயில், காத்து அளக்கிற கருவிகளை நம்ம நாட்டுலயே செய்ய வெச்சாங்க, எந்த ஊர்ல எவ்வளவு காத்து அடிக்குதுன்னு சர்வேயும் எடுத்தாங்க. அடுத்த தடவை தேனிப் பக்கம் போறப்ப காத்தாலைகளைப் பாத்தா அவங்களை நினைச்சுக்க. நீ பிஎச்டி பண்றவ, உனக்கே அவங்க கதை என்னைவிட நல்லாப் புரியும்.

போர்டு எழுத ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் பக்கத்துலயே நில்லு. 'அன்னா'வை 'அண்ணா'ன்னு எழுதிட்டாருன்னா மறுநாளே யாராவது மாலை போட்டுட்டுப் போயிருவாய்ங்க.

அன்புடன்,
அக்கா