டிரம்மரை எங்கே நிறுத்துவது? காலனியப் போர் மினியேச்சர்கள்: கேள்வி பதில்

மேஜைப் போர் விளையாட்டுக்காகக் காலனியக் காலப் படைகளைச் சேர்ப்பவர்கள், யூனிட்டுக்குள் டிரம்மர், பியூகிள்காரர் (பித்தளை ஊதுகொம்பு ஊதுபவர்), பைப்பர் (பேக்பைப் வாசிப்பவர்) ஆகியோரை வைப்பது பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: 1879 ஜூலு போருக்காக 24-ஆம் ரெஜிமென்ட் செய்கிறேன். 28 மி.மீ. அளவு, யூனிட்டுக்கு 20 பொம்மைகள். எத்தனை டிரம்மர் வைக்கலாம் சார்?

ஒருவர் போதும். அன்றைய பிரிட்டிஷ் காலாட்படை பட்டாலியனில் 8 கம்பெனிகள், கம்பெனிக்கு 2 டிரம்மர்கள். முழு பலத்தில் ஒரு கம்பெனி ஏறத்தாழ 100 பேர். உங்கள் 20 பொம்மைகள் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி அரை டிரம்மர்கூட வராது. ஆனாலும் ஒருவரை வையுங்கள். யூனிட்டின் ஓரத்தில் அழகுக்காக நிறுத்தாமல், அதிகாரிக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் அதிகாரியின் தொண்டை எட்டாத தூரத்துக்கு அவருடைய கட்டளையைக் கொண்டுபோனது அந்த ஆள்தான்.

அதே போரின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையை ஆளுக்கு ஒரு பொம்மை என்று செய்பவர்களுக்கு: அங்கே இருந்தவர்களில் 4 பேர் டிரம்மர்கள்.

கேள்வி: டிரம்மர் என்றால் சின்னப் பையன்தானே? கடையில் கிடைப்பதெல்லாம் பையன் பொம்மையாகவே இருக்கிறது.

டிரம்மர் என்பது பதவியின் பெயர், வயதின் பெயர் இல்லை. ஜூலு போரின் இசண்டல்வானா சண்டையில் 1879 ஜனவரி 22 அன்று இறந்த டிரம்மர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள். படையில் பையன்களே இல்லை என்று சொல்லவில்லை. 1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கொலென்சோவில், டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் படையைச் சேர்ந்த ஜான் டன் என்ற பதின்வயது பியூகிள்காரர் காயம்பட்டு, துகேலா ஆற்றில் தன் பியூகிளை இழந்தார். விக்டோரியா ராணி அவருக்குப் புதிய பியூகிள் ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கதை பரவியதே, அது அபூர்வமாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். பத்து யூனிட்டில் ஒன்றில் பையன் இருக்கட்டும். மற்றதில் மீசை வைத்த ஆளாக இருக்கட்டும்.

கேள்வி: அவர் கையில் டிரம்மா, பியூகிளா? பெயிண்ட் அடிக்க ஏதாவது யோசனை சொல்லுங்கள் அண்ணா.

1870-களுக்கு வந்துவிட்டால், சண்டைக்குப் பியூகிள், அணிவகுப்புக்கு டிரம். ஒரே ஆளுக்கு இரண்டும் தெரியும். ஆட்கள் பரவி நின்று சுடத் தொடங்கிய பிறகு, தூரம் போகிற பியூகிள் சத்தம்தான் பயன்பட்டது. அதனால் சண்டைக்கோலத்தில் இருக்கும் யூனிட் என்றால் பியூகிளே பொருத்தம்.

சிவப்புச் சட்டையில் டிரம்மரை அடையாளம் காட்டுவது வெள்ளை நாடா. அதில் சின்னச் சின்னச் சிவப்புக் கிரீடங்கள் இருக்கும். 28 மி.மீட்டரில் கிரீடம் வரைய முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் வெள்ளைக் கோடு போடுங்கள், காய்ந்ததும் ஊசி முனையால் சிவப்புப் புள்ளி வையுங்கள். கை நீள தூரத்திலிருந்து பார்த்தால் கிரீடமாகத்தான் தெரியும். பியூகிள் கயிறு பச்சை. டிரம் வைத்தால் அதன் முன்பக்கம் ரெஜிமென்டின் முகப்பு நிறத்தில் (சட்டையின் கழுத்துப்பட்டை, கைமடிப்பு நிறம்) இருக்கும். 24-ஆம் ரெஜிமென்டுக்கு அதுவும் பச்சைதான். இடுப்பில் பித்தளைப் பிடி போட்ட குட்டை வாள், 1856 மாதிரி.

கேள்வி: நான் செய்வது இன்னும் முந்தைய காலம். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை, 1799. இதே விதிதானா?

இல்லை, இங்கே நிறமே தலைகீழாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த காலம் இது. 1768-ஆம் வருட அரச ஆணைப்படி, டிரம்மரின் கோட்டு ரெஜிமென்டின் முகப்பு நிறத்தில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு எந்த நிறம் கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் இருக்கிறதோ, அது இவருக்கு முழு உடம்புக்கும். அந்த முற்றுகையில் இருந்த 12-ஆம் ரெஜிமென்டின் முகப்பு நிறம் மஞ்சள். ஆகவே சிவப்பு வரிசைக்கு நடுவில் டிரம்மர் மஞ்சள் கோட்டில் நிற்பார். நீல முகப்பு கொண்ட ராயல் ரெஜிமென்ட்கள் விதிவிலக்கு, அங்கே டிரம்மருக்கும் சிவப்புக் கோட்டுதான். புகைக்குள்ளே டிரம்மர் எங்கே என்று அதிகாரி ஒரே பார்வையில் கண்டுபிடிக்க இந்த நிறம் உதவியது. உங்கள் மேஜையிலும் அப்படியே உதவும்.

கேள்வி: அதே போருக்கு மதராஸ் சிப்பாய் பட்டாலியனும் வைத்திருக்கிறேன். டிரம்மருக்கும் சிப்பாய்க்கு அடித்த அதே தோல் நிறம் அடிக்கலாமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்காத கேள்வி. பெற்றோரில் ஒருவர் மட்டும் ஐரோப்பியராக உள்ளவர்கள் படையில் சேரக்கூடாது என்று 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தடை போட்டது. ஆனால் நான்கு வேலைகளுக்கு மட்டும் விலக்கு: புல்லாங்குழல்காரர், டிரம்மர், பேண்டுக்காரர், குதிரைக்கு லாடம் அடிப்பவர். ஆக, கலப்பு வம்சத்தில் பிறந்த ஒரு இளைஞனுக்குப் படையில் திறந்திருந்த கதவு இதுதான். சிப்பாய் யூனிட்டில் உங்கள் டிரம்மரின் முகத்தை மற்றவர்களிடமிருந்து சற்றே வேறு நிறத்தில் அடியுங்கள். ஒரு துளி பெயிண்டில் அந்த அநீதியும் மேஜைக்கு வந்துவிடுகிறது. என் மதராஸ் பட்டாலியனைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த டிரம்மரைத்தான்.

கேள்வி: எதிர்ப் பக்கத்துக்கு? ஜூலு, சூடான் படைகளுக்கு யாரை வைப்பது?

ஜூலு படைக்குத் தனியாக இசைக்காரர் வேண்டாம். கேடயத்தில் ஈட்டியால் தட்டுவதும் போர்ப்பாட்டும்தான் அவர்களுடைய ஓசை, அதை முழு இம்பியும் (ஜூலு படைத்தொகுதி) சேர்ந்து செய்தது. கேடயத்தில் ஈட்டியை அடிக்கிற கோலத்தில் நாலு பேரை முன்வரிசையில் வைத்தால் போதும்.

சூடானில் மஹ்தி என்ற மதத் தலைவரின் வழிவந்த படைக்கு நிறைய இருக்கிறது. பக்கவாட்டில் ஊதும் யானைத்தந்தக் கொம்பு, அதன் பெயர் உம்பாயா. நஹாஸ் என்ற செம்புப் பேரிகை வெறும் வாத்தியம் இல்லை, தலைவனின் அதிகாரச் சின்னம். நம் புறநானூற்றுக் காவல் முரசு மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கன்றுக்குட்டி வடிவில் செதுக்கிய ஒரு மரப்பறையை 1898-இல் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் சூடானிலிருந்து கொண்டுபோய் விக்டோரியா ராணிக்குக் கொடுத்தார். இன்றும் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரிகையைத் தனி பேஸில் (பொம்மை நிற்கும் அடித்தட்டு), அமீரின், அதாவது படைத்தலைவனின், கொடிக்குப் பக்கத்தில் வையுங்கள். அதைக் கைப்பற்றினால் கூடுதல் வெற்றிப்புள்ளி என்று வைத்து ஆடிப் பாருங்கள், ஆட்டம் அந்த பேஸைச் சுற்றியே நடக்கும்.

கேள்வி: டிரம்மர், கொடி, அதிகாரி மூவரும் ஒரே பாக்கெட்டில் வந்தார்கள். சூடானின் ஓம்துர்மான் சண்டைக்கு மூன்றையும் வைத்துவிடலாமா?

கொடியை எடுத்துவிடுங்கள். பிரிட்டிஷ் ரெஜிமென்ட் கொடி கடைசியாகச் சண்டைக்குள் போனது 1881 ஜனவரி 28, தென்னாப்பிரிக்காவின் லைங்ஸ் நெக், 58-ஆம் ரெஜிமென்ட். ஓம்துர்மான் 1898. காக்கி யூனிட்டில் கொடி போன இடத்தைப் பியூகிள்காரரோ பைப்பரோ நிரப்பட்டும்.

கேள்வி: முழு பேண்டும் வாங்கிவிட்டேன். சண்டையில் எங்கே வைப்பது?

பேண்டுக்காரர்கள் சண்டை தொடங்கியதும் வாத்தியத்தை வைத்துவிட்டுக் காயம்பட்டவர்களைத் தூக்கப் போவார்கள். பேண்டை அணிவகுப்புக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, இரண்டு ஸ்ட்ரெச்சர் பேஸ் தனியாகச் செய்துகொள்ளுங்கள். விதிவிலக்கு வேண்டுமென்றால் சூடானின் அத்பரா, 1898 ஏப்ரல் 8. அங்கே பேண்டும் பைப்பும் முழங்கத்தான் தாக்குதலுக்கு நடந்தார்கள்.

கேள்வி: நாங்கள் ஆடும் விதிகளில் இசைக்காரருக்கு எந்தப் பலனும் இல்லை. பிறகு எதற்கு வைக்க வேண்டும்?

பலனை நீங்களே கொடுங்கள். எங்கள் வீட்டில் ஆடுவது இப்படி: பியூகிள்காரர் அதிகாரியிலிருந்து 3 அங்குலத்துக்குள் இருந்தால், கட்டளை இரண்டு மடங்கு தூரம் போகும். ஆனால் பியூகிள் எல்லோர் காதிலும் விழும். ரெஜிமென்டின் சொந்த அழைப்பை முதலில் ஊதி, அப்புறம்தான் கட்டளையை ஊதுவார்கள். அப்படியும் குழப்பம் வந்தது. 1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் எலாண்ட்ஸ்லாக்தேயில், நடுச்சண்டையில் சுடுவதை நிறுத்தும் அழைப்பு ஒலித்து, வெல்லப்போன பிரிட்டிஷ் வரிசையே தடுமாறியது. அதனால் பகடையில் 1 விழுந்தால், பக்கத்து யூனிட்டும் அதே கட்டளையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

பைப்பருக்கு வேறு விதி. 1897 அக்டோபர் 20, அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் தர்காய் குன்று. கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படை திறந்தவெளியைக் கடந்து ஏறும்போது, பைப்பர் ஜார்ஜ் ஃபிண்ட்லேட்டருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே வாசித்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆகவே எங்கள் ஆட்டத்தில் பைப்பர் அடிபட்டால் உடனே எடுத்துவிட மாட்டோம். அவரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு யூனிட் முன்னேறும். அவரிடமிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்கும்வரை அந்த யூனிட்டின் மனவுறுதிப் பகடைக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இதற்கென்றே உட்கார்ந்த பைப்பர் ஒருவரைச் செய்து வைத்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார வைக்க விற்கும் பொம்மையின் இடுப்புக்குக் கீழ்ப் பகுதி, நிற்கும் பைப்பரின் மேல் பகுதி, நடுவில் கொஞ்சம் எபாக்ஸி புட்டி. சாய்ந்துகொள்ள ஒரு கூழாங்கல்.