பயணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்?

இதே இடத்தில் நின்று தப்பாக முடிவெடுத்து இரண்டு வருடம் வருத்தப்பட்டவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேமரா எது என்று நீங்கள் சொல்லவில்லை. கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ் (எண்கள் எம்எம்மில்; சின்ன எண்ணில் காட்சி அகலமாக வரும், பெரிய எண்ணில் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்), வருடத்துக்கு இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு வெளியூர், லென்ஸுக்கென்று ஒரு தடவைதான் காசு ஒதுக்க முடியும், அதற்கும் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டும். இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபுல் ஃபிரேம் வைத்திருந்தால் 24-105 எஃப் 4 (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்), நிக்கான் இசட் என்றால் 24-120 எஃப் 4, அவ்வளவுதான்.

கிராப் என்றால் நிக்கானில் 18-140, கேனானில் 18-135. 18-300 வேண்டாம். காரணம் கீழே.

2016 ஜனவரியில் அம்மாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்குப் பெரிய கோயிலைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருட ஆசை. என்னிடம் நிக்கான் டி5300, 18-55, அப்புறம் அந்தப் பயணத்துக்காகவே புதிதாக வாங்கிய 70-300. தூரத்தில் இருப்பதை இழுத்து எடுப்பதுதான் பயணப் படம் என்று அப்போது நம்பினேன். கருவறைக்கு மேலே எழும்பும் 216 அடி விமானத்தின் மேல்தளத்துச் சிற்பங்களை எடுக்க 70-300ஐ மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அண்ணாந்து நின்றேன். சாயங்கால வெயில் கல்லில் பொன்னாக இறங்குகிற நேரம். திரும்பிப் பார்த்தால், நந்தி மண்டபத்துப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா யாரோ ஒருவரின் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பத்தடி தூரம். 70 எம்எம் கிராப்பில் 105 போலத் தெரியும், அம்மாவும் குழந்தையும் வந்தாலே ஃபிரேம் நிறைந்துவிடும், நந்தி வராது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, லென்ஸை மாற்றி நிமிர்வதற்குள் குழந்தையின் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார். "அம்மா, இன்னொரு தடவை அதே மாதிரி உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்தார், கையை மடியில் வைத்து விறைப்பாக. அந்தப் படம் இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை.

போதாததற்கு, அந்தக் காற்றில் லென்ஸ் மாற்றியதில் சென்சாரில் தூசி விழுந்துவிட்டது. மறுநாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் எஃப் 11 வைத்து எடுத்த ஒவ்வொரு படத்திலும், வானத்தில் ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள்.

வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் லைட்ரூம் மென்பொருளில் ஃபோகல் லென்த் (அந்த எம்எம் எண்) வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்ததெல்லாம் 18க்கும் 70க்கும் நடுவில் இருந்தது. 140க்கு மேலே விமானத்துச் சிற்பங்களும் இரண்டு கிளிகளும், அவ்வளவே. வாங்குவதற்கு முன்னால் நீங்களும் இதைச் செய்யுங்கள், காசு செலவில்லை. இதுவரை எடுத்த படங்களில் 18லேயே முட்டிக்கொண்டு நின்றது எத்தனை, 55 போதாமல் பின்னால் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கியது எத்தனை என்று எண்ணுங்கள். முதல்வகை அதிகம் என்றால் உங்களுக்குத் தூரத்தை இழுக்கும் ஜூம் தேவையில்லை, 16 எம்எம்மில் தொடங்கும் லென்ஸ் பாருங்கள்.

2018ல் 70-300ஐ விற்றுவிட்டு 18-140 வாங்கினேன். எடை 490 கிராம், தோளில் நாள் முழுக்க மாட்டியிருக்கலாம். அம்மாவோடு தாராசுரம் போனோம். அங்கே ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சின்னப் புடைப்புச் சிற்பம், யானைக்கும் காளைக்கும் ஒரே தலை, ஒருபக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. இந்த லென்ஸ் 45 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும், 140ல் சிற்பம் ஃபிரேம் நிறைய வந்தது. அப்படியே நிமிர்ந்து 18க்குத் திருப்பினால் தேர் வடிவ மண்டபம், கல்குதிரை, சக்கரம், சக்கரத்தின் மேல் கைவைத்து முட்டிவலிக்கு மூச்சு வாங்கும் அம்மா, எல்லாம் ஒரே படத்தில். பையைத் திறக்கவே இல்லை. இப்போது அம்மாவால் பயணம் போக முடியாது, அந்தப் படம்தான் ஹாலில் மாட்டியிருக்கிறது.

குறையும் உண்டு. 18ல் ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கம் வளையும், மென்பொருளில் சரிசெய்துவிடலாம். 140ல் எஃப் 5.6தான், மண்டபத்து இருட்டில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 3200 வரை போக வேண்டிவரும். தொல்லியல் துறை இடங்களில் அனுமதி வாங்காமல் டிரைபாட் வைக்க விடமாட்டார்கள். விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) கல்லுக்கு உதவும், நடமாடும் மனிதருக்கு உதவாது. அதனால்தான் 18-300 வேண்டாம் என்கிறேன். டாம்ரானுடையது 620 கிராம், கடைசி முனையில் எஃப் 6.3. எஃப் 2.8 லென்ஸ் அதைவிட ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். உங்களுடையது சோனியோ ஃபியூஜியோ என்றால், சாயங்காலமும் மனிதர்களும்தான் உங்கள் படம் என்றால், சிக்மா 18-50 எஃப் 2.8 பாருங்கள், 300 கிராம்கூட இல்லை.

பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) வைத்திருப்பவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள், தெரியும். 35 எம்எம் எஃப் 1.8 என்னிடமும் இருக்கிறது, பிடிக்கும். ஆனால் தனியாக நடந்து போகிறவருக்கும், ஒரு கையில் அம்மாவையும் மறுகையில் செருப்புப் பையையும் பிடித்துக்கொண்டு போகிறவருக்கும் ஒரே லென்ஸைச் சொல்லாதீர்கள். ஃபோனே போதும் என்பவர்களுக்கு: உங்களுக்குப் போதும் என்றால் சரி, கேள்வி கேட்டவர் லென்ஸ் கேட்கிறார்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். நல்ல லென்ஸ் வாங்கியது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாவற்றுக்கும் "நீயே எடுத்துடுப்பா" என்பார்கள். மூன்று விசேஷங்களில் பந்தியில் உட்காராமல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு குடும்பப் படத்தில்கூட நான் இல்லை, வா என்று கூப்பிடவும் ஆளில்லை. அதை வாழ்க்கையாக வைத்திருக்கும் ஃபோட்டோகிராஃபருக்குக் காசு கொடுக்க ஏன் இவ்வளவு மனசு வலிக்கிறது? இப்போது முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் பின்பக்கமிருந்து ஃபோன் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள், உள்ளே சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கேமரா மாடலைக் கீழே எழுதுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன்.